குதிரையை மாட்டுக் கணக்கில் வளர்க்க முடியாது

ஈரோடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 28 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

விவசாயக் குடும்பம். கறவை மாடுகளும் ஆடுகளும் உண்டு. சிறு வயதிலிருந்தே குதிரை வளர்க்கும் ஆசை. இந்த ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் ஒரு பெண் குதிரையை வாங்கினார். "கத்தியவார் இனம், நாலு வயசு, உடனே ஏறி ஓட்டலாம்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். முள் வைத்த கடிவாளம் ஒன்றும் கூடவே கொடுத்திருக்கிறார்கள். மாடுகள் நிற்கும் கட்டுத்தரையிலேயே ஓர் ஓரமாகக் கட்டி, மாடுகளுக்குப் போடும் தவிடு, அடர்தீவனம், கோ-5 என்ற கம்பு நேப்பியர் வகைத் தீவனப்புல்லையே இதற்கும் போட்டு வந்தார். காலையும் மாலையும் ஒவ்வொரு படி கொள்ளும் உண்டு.

கார்த்திகைத் தொடக்கத்தில் ஒரு ராத்திரி குதிரை தீனி எடுக்கவில்லை. முன்னங்காலால் தரையைப் பறித்தது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, கீழே விழுந்து புரண்டது, உடம்பெல்லாம் வியர்த்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து தலையைத் தூக்கிப் பிடித்து, அரை லிட்டர் நல்லெண்ணெயும் இஞ்சி, பெருங்காயக் கஷாயமும் மூங்கில் குழாயால் வாயில் ஊற்றினார்கள். விடிந்ததும் அரசு கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார். குதிரை பிழைத்தது. அன்றிலிருந்து இருமல் நிற்கவில்லை, மூக்கிலும் சளி வடிகிறது.

அவர் கேட்டிருப்பவை இவை: கொள்ளு சூடு என்பதால் வயிற்றுவலி வந்ததா? நெஞ்சில் சுழி சரியில்லை, விற்றுவிடு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சரியா? நண்பர்கள் தைப் பொங்கலுக்குக் குதிரை வண்டிப் பந்தயத்தில் விடச் சொல்கிறார்கள், விடலாமா? "நான் மாடு பார்க்கிறவன், நாமக்கல்லுக்குக் கொண்டு போங்கள்" என்று சொல்லிவிட்ட மருத்துவர் மீது புகார் கொடுக்க முடியுமா?

தம்பி, நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கேள்விகள் எல்லாவற்றையும்விட அவசரமானது அந்த இருமல்.

குதிரையின் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் எதை ஊற்றினாலும் அதில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போக வாய்ப்பு உண்டு. எண்ணெய் இன்னும் மோசம். தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கினால் பலமாக இருமல் வந்து வெளியே தள்ளும். எண்ணெய் அந்த இருமலைக்கூடப் பெரிதாகத் தூண்டாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். பிறகு அங்கேயே தங்கி நிமோனியாவாக மாறும். மூன்று வாரமாக இருமல், சளி என்கிறீர்கள். சளியில் துர்நாற்றம் இருக்கிறதா, மூச்சு வாங்கும்போது விலா ஏறி இறங்குகிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. இன்றே ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. அதைத் தாண்டினால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். காய்ச்சல் இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் நெஞ்சைப் பரிசோதித்தே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல ஊர்க் குதிரைகள் கூடும் சந்தையில் வாங்கிய குதிரைக்கு மூக்கில் சளி வடிந்தால், கிளாண்டர்ஸ் என்ற நோய் இல்லை என்று உறுதிசெய்யாமல் கால்நடை மருத்துவர்களாகிய நாங்கள் விடுவதில்லை. அது குதிரையிலிருந்து மனிதருக்கும் வரும், உயிரையும் எடுக்கும். 2009ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் அது. ரத்தம் எடுத்து அனுப்பினால் தெரிந்துவிடும். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம்தான் நாட்டில் இதற்கான முதன்மை ஆய்வுக்கூடம். உங்கள் குதிரைக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் ஊற்றிய அன்றிலிருந்து இருமல் என்பதால் காரணம் எண்ணெயாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் முடிவு வரும்வரை சளியை வெறும் கையால் துடைக்காதீர்கள், தண்ணீர்த் தொட்டியைத் தனியாக்குங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

வயிற்றுவலி எங்கிருந்து வந்தது

கொள்ளு சூடு என்பதால் வந்தது என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. கொள்ளு நல்ல தீவனம்தான். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது: "அதற்கு ரெண்டு நாள் முன்னாடிதான் மாடுகளுக்கு உண்ணி மருந்து அடிக்கும்போது இதுக்கும் அடிச்சோம்." என் கண் அந்த வரியில்தான் நின்றது. அந்த பாட்டிலை எடுத்து மருந்தின் பெயரைப் பாருங்கள். அமிட்ராஸ் என்று இருந்தால், அது மாட்டுக்கு நல்ல உண்ணி மருந்து, குதிரைக்கு ஆகாத மருந்து. குதிரையின் பெருங்குடல் அசைவையே அது நிறுத்திவிடும். சாணம் குடலில் இறுகி, ஓரிரு நாளில் கோலிக் என்று நாங்கள் சொல்லும் வயிற்றுவலி வரும். நாள் கணக்கு உங்கள் குதிரைக்கு அப்படியே பொருந்துகிறது.

அது மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. உங்கள் தீனிமுறையிலேயே கோலிக்குக்கான வழிகள் திறந்துகிடக்கின்றன. மாட்டுக்கு நாலு அறை வயிறு. இரைப்பையில் போட்டதை அசைபோட்டு, நுண்ணுயிர்களை வைத்து ஊறவைத்துச் செரிக்கும். குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். நார்ப்பொருள் செரிப்பதெல்லாம் பின்னால் பெருங்குடலில் நடக்கிறது. அதனால்தான் இயல்பில் அது நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும் பிராணி. இரண்டு வேளை வயிறு நிறையத் தானியமும் மற்ற நேரம் வெறும் தரையும் என்றால், தானியத்து மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயு கட்டும். போதாததற்கு, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை வாய் ஒருவழிக் கதவு. வயிறு நிரம்பி அழுத்தம் ஏறினால் வெளியே வர வழியில்லை, கிழிந்தே போகும். அப்படி நிரம்பி நிற்கும் வயிற்றில் மேலும் அரை லிட்டர் ஊற்றுவது எவ்வளவு ஆபத்து என்பதை இப்போது நீங்களே உணர்வீர்கள்.

மருத்துவமனையில் நாங்களும் எண்ணெய் கொடுப்பது உண்டு. ஆனால் மூக்கு வழியாக வயிறு வரை குழாய் இறக்கி, குழாய் வயிற்றில்தான் இருக்கிறது என்று உறுதிசெய்து, உள்ளே தேங்கியதை முதலில் வெளியே எடுத்துவிட்டுத்தான் கொடுப்போம். அந்த ராத்திரி வந்தவர்கள் உதவத்தான் வந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல வேண்டாம். மாட்டுக்கு உப்புசம் வந்தால் இடது விலாவில் குத்திக் காற்றை இறக்குவதைப் பார்த்தவர்கள் குதிரைக்கும் அதையே செய்யப் பார்ப்பார்கள். அதை மட்டும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். பெருங்குடல் துளைபட்டால் வயிற்றறை முழுக்கச் சீழ் பிடிக்கும்.

மறுபடி வந்தால்

தீனியை எடுத்துவிடுங்கள். புரண்டு அடிபடாமல் இருக்க மெதுவாக நடத்தலாம். அமைதியாகப் படுத்திருந்தால் அடித்து எழுப்பி மணிக்கணக்கில் நடக்கவைக்க வேண்டாம். மருத்துவர் வருவதற்குள் மூன்று விஷயங்களைப் பார்த்து வையுங்கள்.

நாடி: கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் பென்சில் தடிமனில் ஒரு ரத்தக்குழாய் உருளும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குங்கள். 28 முதல் 44 வரை இயல்பு. 60ஐத் தாண்டினால் நிலைமை மோசம்.

ஈறு: உதட்டைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். கருஞ்சிவப்போ ஊதாவோ தெரிந்தால் காத்திருக்க நேரமில்லை.

விலாச் சத்தம்: இரண்டு விலாவிலும் காது வைத்துக் கேளுங்கள். குடல் உறுமும் சத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும். நிசப்தம் நல்லதல்ல.

இந்த மூன்றையும் நல்ல நாளிலேயே பழகி வைத்தால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும். மெடிக்கலில் வலி ஊசி வாங்கி நீங்களே போடாதீர்கள். வலி அடங்கிக் குதிரை நின்றுவிடும், குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் அது மறைந்துபோகும். ஊசிக்குப் பிறகும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலி திரும்பினால் அறுவை சிகிச்சை தேவைப்படும் கேஸாக இருக்கலாம். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

தீனியை மாற்றுவது

உங்கள் குதிரை 300 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 6 கிலோவுக்குக் குறையாமல், காய்ந்த எடைக் கணக்கில், அதற்குத் தீனி வேண்டும். பெரும்பகுதி நார்த்தீவனமாக இருக்க வேண்டும். நல்ல செய்தி, உங்கள் பகுதியில் குதிரைக்கு ஏற்ற தீவனத்துக்குப் பஞ்சமே இல்லை. அருகம்புல் மிக நல்லது. குதிரைமசால் என்ற தீவனப்பயிரைக் கொஞ்சம் சேர்த்தால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். நிலக்கடலைக் கொடி பூஞ்சணம் இல்லாமல், மண் உதறிப் போட்டால் நல்லது. சோளத்தட்டை நன்றாகக் காய்ந்த பிறகு நறுக்கிப் போடலாம். வைக்கோலை முக்கியத் தீனியாக வைக்காதீர்கள், குடலில் இறுகும்.

கோ-5 விஷயத்தில்தான் மாடு வளர்த்த அனுபவம் உங்களை ஏமாற்றும். கம்பு நேப்பியர் போன்ற புல்லிலும், காங்கயம் பக்கத்துக் கொரங்காடு மேய்ச்சல் நிலங்களில் வளரும் கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் அதிகம். மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும், அதனால் மாட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. குதிரையில் அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு போய்விடும். கூடவே தவிடு போடுகிறீர்கள். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு குறைவு. இரண்டும் சேர்ந்து மாதக்கணக்கில் போனால் உடம்பு எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவ ஆரம்பிக்கும். இன்று ஒரு காலில், நாளை வேறு காலில் நொண்டல், பிறகு கண்ணுக்குக் கீழே முகத்தின் இரு பக்கமும் எலும்பு புடைத்துத் தலை பெருத்துத் தெரியும். நாலு மாதமாக இதே தீனி என்பதால் முகத்தை ஒரு தரம் இரு கையாலும் தடவிப் பாருங்கள். தவிட்டை நிறுத்துங்கள், கோ-5ஐப் பாதிக்குக் கீழே குறையுங்கள். எந்த மாற்றத்தையும் ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். திடீர் மாற்றமும் கோலிக்கைக் கொண்டுவரும்.

கொள்ளு தொடரலாம். வேகவைத்து, ஆறவைத்து, வேளைக்கு அரைக் கிலோவுக்கு மேல் போகாமல் கொடுங்கள். படியால் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள். வண்டி இழுக்காமல் நிற்கும் குதிரைக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ தாராளம். நார்த்தீவனத்தை முதலில் போட்டு, அது தின்ற பிறகு கொள்ளு.

மாட்டின் அடர்தீவனத்தை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் பக்கம் கோழிப் பண்ணைகள் அதிகம், மிச்சத் தீவனம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதையும் தொட்டுவிடாதீர்கள். கோழித் தீவனத்திலும் சில கால்நடைத் தீவனங்களிலும் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலப்பார்கள். கோழியும் மாடும் தாங்கும் அளவில் ஒரு சிறு பங்கே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். அதை முறிக்கும் மருந்து கிடையாது.

தண்ணீர் நாளுக்கு 25 லிட்டருக்குக் குறையக் கூடாது, வெயிலில் இரட்டிப்பாகும். கார்த்திகை, மார்கழிக் குளிரில் குதிரை குறைவாகக் குடிக்கும், அப்போதுதான் சாணம் இறுகும். கல்லுப்பு நாளுக்கு 30 கிராம் தீனியில் சேர்த்தால் தானாகக் குடிக்கும். தீனியை மண்தரையில் போடாமல் தொட்டியில் போடுங்கள். சாணத்தில் ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு கலக்கி வையுங்கள். அடியில் மணல் படிந்தால் அது குடலிலும் படிகிறது என்று அர்த்தம்.

சுழியும் வயதும்

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. அரும்பாடுபட்ட காசைப் போட்டு வாங்கிய ஜீவன் வந்த சில மாதத்தில் சாகக் கிடந்தால் காரணம் தேடத்தான் செய்வார்கள். ஆனால் சுழி என்பது கரு வயிற்றில் இருக்கும்போதே மயிர்க்கால்கள் அமைந்த திசை. நெஞ்சுச் சுழிக்கும் குடலுக்கும் தொடர்பில்லை. இதே தீனியும் இதே உண்ணி மருந்தும் கொடுத்திருந்தால் ராஜசுழி என்று கொண்டாடும் சுழி உள்ள குதிரைக்கும் அந்த ராத்திரி வந்திருக்கும். பெரியவர்களோடு வாதாட வேண்டாம். மருந்து பாட்டிலைக் காட்டி விளக்குங்கள்.

விற்பதைப் பற்றி வேறு காரணத்துக்காக யோசிக்கலாம். தினமும் காலை மாலை சேர்த்து இரண்டு மணி நேரம் உங்களால் கொடுக்க முடியுமா? குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. தாம்புக்கயிற்றில் நாளெல்லாம் தனியாக நின்றால் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நிற்கும் பழக்கம் வந்துவிடும். வேலி போட்ட காலி இடத்தில் அவிழ்த்துவிட்டால் நல்லது. துணைக்கு உங்கள் ஆடுகளே போதும். நேரம் இல்லை என்றால், குணமான பிறகு, உண்மைகளைச் சொல்லி, குதிரை தெரிந்தவரிடம் கொடுப்பது தவறே இல்லை. இருமலோடு அடுத்த சந்தைக்கு ஓட்டிப்போவது மட்டும் கூடாது.

"ரெண்டு பல்தான் பெருசா இருக்கு, மத்தது சின்னப் பல்" என்று எழுதியிருக்கிறீர்கள். குதிரைக்கு நடு முன்பல் ஜோடி இரண்டரை வயதில் மாறும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரப் பல் நாலரையில். ஆகவே உங்கள் குதிரைக்கு இன்னும் மூன்றரை ஆகவில்லை. நாலு வயது என்று சொன்னது பொய். எழுத்தில் எதுவும் இல்லாத சந்தை வியாபாரத்தில் இதை வைத்துப் பணத்தைத் திரும்பப் பெறுவது நடக்காத காரியம். அந்த அலைச்சலை விட்டுவிடுங்கள்.

பந்தயம்

விடாதீர்கள். நுரையீரல் கோளாறு இருக்கும்போது ஓடவிட்டால் செத்தே போகலாம். குணமானாலும் வயது போதாது. குதிரையின் முதுகெலும்பு முழுதாக முற்ற ஐந்தரை, ஆறு வயதாகும். இப்போது கையில் பிடித்து நடத்திப் பழக்குங்கள், அடுத்த ஆண்டு எடை குறைவான ஆளை வைத்து மெதுவாகத் தொடங்கலாம்.

சட்டத்தைப் பற்றியும் உங்கள் நண்பர்கள் தவறாக நினைக்கிறார்கள். ஜல்லிக்கட்டுக்காக 2017இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் காளைகளுக்கானது, குதிரைக்கு அது பாதுகாப்புத் தராது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் குதிரைக்கு முழுமையாகப் பொருந்தும். அதன்கீழ் வந்த 1965ஆம் ஆண்டு விதிகள் முள் வைத்த கடிவாளத்தை வெளிப்படையாகத் தடை செய்கின்றன. 37 டிகிரி வெயிலைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டுவதையும் தடுக்கின்றன. அந்தக் கடிவாளத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, நாக்கிலும் கடைவாயிலும் புண் இருக்கிறதா என்று பாருங்கள்.

மருத்துவர் மீது புகார்

அவர் உங்கள் குதிரையைக் காப்பாற்றியவர். கிராமத்து மருந்தகத்தில் இருப்பவர் அன்றாடம் பார்ப்பது மாடும் ஆடும்தான். வந்து ஊசி போட்டு, தன்னிடம் இல்லாத வசதி வேறு இடத்தில் இருக்கிறது என்று வழி சொன்னது கைகழுவுவது அல்ல, சரியான மருத்துவம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். போய் அவருக்கு நன்றி சொல்லி, அன்று போட்ட ஊசிகளின் பெயரை எழுதி வாங்குங்கள். ராத்திரி அவசரத்துக்கு 1962 என்ற கால்நடை உதவி எண்ணிலும் கேட்டுப் பாருங்கள். இன்னொரு யோசனை: குதிரை நன்றாக இருக்கும் நாளிலேயே டெம்போவில் ஏற்றி இறக்கிப் பழக்குங்கள். வலியில் துடிக்கும்போது முதல்முறையாக ஏற்ற முயன்றால் இரண்டு மணி நேரம் அதிலேயே போய்விடும்.

நாமக்கல் போகும்போது உண்ணி மருந்து பாட்டில், தீனி விவரம், காலையில் போட்ட சாணம் ஒரு டப்பாவில், இரண்டு நாள் காய்ச்சல் அளவு எல்லாவற்றையும் கொண்டு போங்கள். நெஞ்சுக்கு ஸ்கேனோ எக்ஸ்ரேயோ எடுப்பதோடு, கிளாண்டர்ஸுக்கும், ஈ கடியால் பரவும் சர்ரா நோய்க்கும் ரத்தம் கொடுங்கள். சாணத்தைப் பார்த்துக் குடற்புழு மருந்து தருவார்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டதாகக் கடிதத்தில் இல்லை. விலங்குகளில் அந்த நோய் குதிரையைத்தான் மிக எளிதில் பிடிக்கும், தவறாமல் போடுங்கள். சந்தையில் வாங்கிய பெண் குதிரை என்பதால் சினை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பதினொரு மாதச் சினை, வாங்கும்போதே இருந்திருந்தால் வெளியே தெரியாமல் இருந்திருக்கும். சினை என்றால் மருந்துகளை அதற்கேற்ப மாற்ற வேண்டும். குளம்பு வெட்டி நாலு மாதமாவது ஆகியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். ஊரில் மாட்டுக்கு லாடம் கட்டுபவரிடம் விடாதீர்கள். மாட்டுக்குப் பிளந்த குளம்பு, ஆணி போகும் இடமே வேறு. குதிரைக்கு லாடம் அடிக்கத் தெரிந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று கல்லூரி மருத்துவமனையிலேயே விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள்.